அட்டையில் இல்லாத பெயர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் கோயில் பக்கம் விடியற்காலையில் போனாலும் ஒலிபெருக்கியில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் கேட்கும். மாரியம்மன் கோயிலானாலும் முனீஸ்வரன் கோயிலானாலும் நாள் அதில்தான் தொடங்கும். பெரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, புறப்படுகிறவர்கள் அதைக் கேட்டபடியேதான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனார்கள். 1963இல் பதிவான இசைத்தட்டு அது. சொற்கள் மனப்பாடம், ராகம் மனப்பாடம், எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்பதுகூட மனப்பாடம். ஆனால் அதில் இரண்டு குரல்கள் இருக்கின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டாவது குரல், எம்.எஸ். தம் மகளாகவே வளர்த்த ராதா விசுவநாதனுடையது. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோதும் அவரே உடன் பாடினார். நாளைக் காலையில் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். எம்.எஸ்ஸின் குரலோடு ஒட்டியும் ஒதுங்கியும் நடக்கும் அந்த இரண்டாவது குரல் பிடிபட்டுவிட்டால், அதன் பிறகு பழையபடி ஒரே குரலாகக் கேட்க முடியாது.

எனக்குப் பிடித்த ஆல்பங்களைப் பற்றியும் அவை பதிவான கதைகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிடித்த ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பெயரைத் தேடிப்போய்க் கிடைத்ததாகவே இருக்கிறது.

எண்பதுகளில் எங்கள் கடைத்தெருவில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். சம்பளம் போட்ட மறுநாள் கடை நிறைந்துவிடும். தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிட நாடாவா, தொண்ணூறா என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. தொண்ணூறு நிமிட நாடா மெலிசானது, பழைய டேப் ரெக்கார்டரில் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். அதனால் அறுபதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுவோம். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துபோகாமல் இருக்க நிமிடங்களைக் கூட்டிப் பார்த்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு நாடாவுக்கும் முன்னால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கருவியின் தலையைத் துடைப்போம். இத்தனை அக்கறையோடு செய்து கொடுத்த நாடாவின் அட்டையில் எழுதியது படத்தின் பெயரும் பாடகரின் பெயரும்தான். மூலத் தட்டிலும் பெரும்பாலும் அதற்கு மேல் இசையமைப்பாளர், கவிஞர் பெயர்களே இருக்கும். வீணை யாருடையது, தபேலா யாருடையது என்று எங்கும் இராது. பாட்டு தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்ந்தது. வாசித்தவர்கள் யாரென்று யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அந்தக் கடையில்தான் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ கைக்கு வந்தது. 1986இல் வெளியான ஆல்பம். பாடல் வரிகளே கிடையாது, எல்லாம் கருவி இசை. பாட்டில்லாத ராஜாவா என்று கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தவர்களும் உண்டு. தியாகராசருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். அதில் முன்னணி வயலின் வி.எஸ். நரசிம்மன். எனக்குத் தெரிந்து, வாசித்தவரின் பெயரை ஒரு தட்டில் தேடிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகத் தலைப்பிட்ட பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற, பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பின் முதற்பகுதி அதில் வருகிறது. அந்தத் தொகுதியின் கையெழுத்துப்படியில் 1720 என்று ஆண்டு போட்டிருக்கிறது. வயலின் அந்தப் பழைய இசையை வாசித்துக்கொண்டே போகிறது. சுற்றியிருக்கும் வயலின்கள் இடையில் புகுந்து பதில் சொல்கின்றன. விருந்தாளி தம் பேச்சை நிறுத்தவில்லை, வீட்டுக்காரரும் அடக்கி வாசிக்கவில்லை. ராஜா பதிவுக்கு வரும்போது ஒவ்வொரு கருவிக்கும் உரிய இசைக்குறிப்பை எழுதி முடித்துவிடுவார் என்பது ஊரறிந்த செய்தி. கலைஞர்கள் அதைப் படியெடுத்துக்கொண்டு, அன்றே வாசித்து, அன்றே பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அப்படிப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடிய நரசிம்மன் போன்றவர்கள் சென்னையில் இருந்ததால்தான் எழுதியது ஒலியாயிற்று. ராஜாவின் மேதைமையைச் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நம் தோட்டத்து மக்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் 1958ஆம் ஆண்டு கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடிப் பிரசாரம் செய்தவர். அண்ணனின் குழுவில்தான் அன்று ராசையா என்ற சிறுவனாக இருந்த இளையராஜா இசைக்குள் வந்தார். லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசல்களில் பாடித் தேறிய குழு அது.

1992இல் ‘ரோஜா’ வந்தது. ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான இசை. சொந்தக் கூடம் இருந்ததால் மணிக்கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து ஒலியின் மேல் ஒலியாக அடுக்கலாம், பிடிக்காவிட்டால் கலைத்துவிடலாம். அந்த ஒலியின் புதுமையைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அவருடைய ஒலிநாடாக்களின் அட்டை. மடிப்பு மடிப்பாக விரித்தால் புல்லாங்குழல் இன்னார், கிடார் இன்னார், ஒலிப்பதிவுப் பொறியாளர் இன்னார் என்று அச்சாகி வரத் தொடங்கியது. 1995இல் வந்த ‘பம்பாய்’ படத்தின் கருப்பொருள் இசையில் உருக வைக்கும் புல்லாங்குழல் நவீன் குமாருடையது என்று தோட்டத்துப் பையனும் சொல்ல முடிந்தது. ஒலிப்பதிவுப் பொறியாளர் எச். ஸ்ரீதரின் பெயர் எனக்கு அப்படித்தான் அறிமுகம். அவர் 2008இல் மறைந்தபோது நெருங்கிய ஒருவரை இழந்ததாகவே உணர்ந்தேன்.

பொறியாளர் என்றதும் ஒரு கதை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பம் 1959இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கூடத்தில் பதிவானது. முதல் நாள் பதிவின்போது ஓர் ஒலிநாடாக் கருவி சற்றே மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். இப்படித் தட்டின் முதல் பக்கம் முழுவதும் கொஞ்சம் ஏறிய சுருதியிலேயே உலகமெங்கும் விற்றது. தொண்ணூறுகளில்தான் இன்னொரு நாடாவிலிருந்து எடுத்துச் சரிசெய்து வெளியிட்டார்கள்.

இனி நான் மிகவும் நேசிக்கும் ஆல்பத்துக்கு வருகிறேன். நம் மொழியும் இல்லை, நம் நாடும் இல்லை. ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’, கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 1996இல் பதிவானது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு இசைக் கலைஞர்களையும் கியூபக் கலைஞர்களையும் சேர்த்து வாசிக்க வைக்க வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். இலண்டனிலிருந்து தயாரிப்பாளர் நிக் கோல்ட் வந்துவிட்டார், அமெரிக்காவிலிருந்து கிடார் கலைஞர் ரை கூடர் வந்துவிட்டார். கூடமும் தயார். பயண அனுமதிச் சிக்கலால் மாலி நாட்டவர்கள் மட்டும் வந்து சேரவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஹுவான் தெ மார்கோஸ் கொன்சாலெஸ் என்ற உள்ளூர் இசைக் கலைஞர் அங்கே இருந்தார். பழைய பாடகர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொருவராகத் தேடி அழைத்துவந்தார். இப்ராஹிம் ஃபெரர் பாடுவதை விட்டுவிட்டுக் காலணிக்கு மெருகு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். பியானோ வாசித்த ரூபென் கொன்சாலெஸுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. வீட்டில் பியானோவும் இல்லை. கூடத்தின் கதவு திறக்கக் காத்திருந்து, திறந்ததும் நேரே பியானோவிடம் போய்விடுவாராம். கொம்பாய் செகுந்தோவுக்கு எண்பதுக்கு மேல். அவர் பல்லாண்டுகள் சுருட்டுத் தொழிற்சாலையில் சுருட்டுச் சுற்றியவர். ஆறே நாளில் பதிவு முடிந்தது. 1997இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே கிராமி விருது பெற்றது. மறக்கப்பட்ட முதியவர்கள் உலக மேடைகளில் ஏறினார்கள்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ரை கூடரைப் புகழ்ந்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நாயகர் முகவரி தெரிந்த அந்த மனிதர்தான். அவர் இல்லாவிட்டால் அந்தக் குரல்கள் ஹவானாவின் தெருக்களிலேயே அடங்கிப்போயிருக்கும்.

நம் நாட்டிலும் பெருமைப்பட நிறைய இருக்கிறது. பினாங்கின் அண்ணன் தம்பிகளான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் ‘ஆலிகேட்ஸ்’ குழுவாக மலாய் பாடி இந்த நாட்டின் எல்லா இனத்தாரையும் கேட்க வைத்தார்கள். 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் ஆகியோரின் ‘வல்லவன்’ ஆல்பம் தமிழ் ராப் இசையை இங்கிருந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனது. 1980ஆம் ஆண்டு ‘நிழல்கள்’ படத்துக்கு வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து அவர்கள் புதிதாக்கியதைக் கேட்டு இங்கே எத்தனையோ பிள்ளைகள் எழுதுகோலும் தாளுமாக உட்கார்ந்தார்கள்.

ஆனால் தோட்டத்து உறுமி மேளக் குழுக்கள்? பத்துமலைத் தைப்பூசத்தில் கடைகடையாக அவர்களுடைய ஒலிநாடாக்களும் குறுந்தட்டுகளும் விற்றன. அட்டையில் சாமி படம் பெரிதாக இருக்கும், குழுவின் பெயர் இருக்கும். உறுமியை இழுத்தவர், தப்பு அடித்தவர், முன்வரியைப் பாடியவர் யாரென்று பலவற்றில் இருக்காது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், பல தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றார்கள். சனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் சிதறிப்போனார்கள். ஒரு லயத்தில் இருந்தவர்களை இன்று ஒரே கல்யாணத்தில்கூடச் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை. ஹவானாவிலாவது எல்லாரும் ஒரே நகரத்தில் இருந்தார்கள்.

உங்கள் வீட்டு அலமாரியில் இப்படிப்பட்ட நாடாவோ தட்டோ இருந்தால், இந்த வாரமே எடுத்து வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். வாசித்தவர், பாடியவர், எந்தத் தோட்டம், எந்தத் திருவிழா என்று அவர்கள் சொல்லச் சொல்ல அட்டையிலேயே எழுதுங்கள். நல்ல மையால் எழுதுங்கள், பென்சில் அழிந்துபோகும்.

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் எங்கள் தோட்டத்துத் தீமிதித் திருவிழாவில் யாரோ பதிவு செய்தது. உறுமி வாசித்தவர் யாரென்று தெரிந்துவிட்டது, அவருடைய பிள்ளைகள் கிள்ளானில் இருக்கிறார்கள். உடுக்கை அடித்தவரும் தெரிந்துவிட்டது. மாரியம்மன் தாலாட்டைப் பாடும் அந்தப் பெண் யாரென்றுதான் தெரியவில்லை. மேல் பிரிவில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர் என்று சிலர் சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நிலையத்தார் அனுமதியோடு அந்தத் தாலாட்டின் முதல் சில அடிகளை இப்போது ஒலிபரப்புகிறோம். குரலை அடையாளம் கண்டவர்கள் நிலையத்துக்குத் தெரிவியுங்கள், எனக்குச் சொல்லிவிடுவார்கள்.