உழுசாலில் உதிர்ந்த கற்கள்

நேயர்களுக்கு வணக்கம். கொட்டைப்பாக்கு அளவிலான ஒரு வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ் கல், கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முகம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், அந்தப் பளபளப்பின்மேல் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ஆற்றுநீர் தேய்த்திருந்தால் கல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் மழுங்கியிருக்கும். இந்தக் கல்லோ எதிலோ இறுகப் பொருந்தி, அசையாமல் இருந்து, மண்ணில் நெடுந்தொலைவு இழுபட்டிருக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, டென்மார்க் நாடுகளின் வயல்களில் கிடைக்கும் இவற்றைத் தொல்லியலாளர்கள் கலப்பைக் கற்கள் என்கிறார்கள்.

இடைக்காலத்தின் கனத்த கலப்பை மண்ணைக் கீறியதோடு நில்லாமல் புரட்டியும் போட்டது. அதனால் அதன் அடிக்கட்டை சாலின் அடித்தரையிலும், பக்கம் உழாத நிலத்தின் சுவரிலும் ஓயாமல் உரசின. இரும்பின் விலையோ அதிகம். கொழுவுக்குப் போக மிஞ்சியது கொஞ்சம். எனவே மரத்தில் துளைகள் இட்டு, குவார்ட்ஸ், சக்கிமுக்கி போன்ற கடினமான கூழாங்கற்களை அறைந்து பொருத்தினார்கள். தேய்மானத்தை மரத்துக்குப் பதிலாகக் கல் ஏற்றுக்கொண்டது. எத்தனை எளிய, எத்தனை தேர்ந்த தச்சுவேலை!

இது ஊகம் அன்று. டென்மார்க்கின் யுட்லாந்துப் பகுதியில், டொம்மர்பி என்ற இடத்தில் கிடைத்த மரக்கலப்பையில் கற்கள் பதித்தபடியே இருந்தன. ஈரமான சதுப்பு மண் மரத்தை மக்கவிடாமல் காக்கும். டென்மார்க்கின் ஆய்வாளர் கிரித் லெர்க்கே, இடைக்காலக் கலப்பையை மீண்டும் செய்து, வயலில் பூட்டி உழுதே அதன் இயக்கத்தை ஆராய்ந்தார்.

அயர்லாந்தில் இக்கற்களைத் தொகுத்து ஆராய்ந்தவர் நைல் பிரேடி. 1142ஆம் ஆண்டில் மெலிஃபாண்டில் தம் முதல் ஐரிஷ் மடத்தை நிறுவிய சிஸ்டர்சியன் என்ற கிறித்தவத் துறவியரின் பண்ணை நிலங்களோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டா என்ற கேள்வி அங்கே முக்கியமானது. ஆனால் உழவில் மேலெழுந்து வந்த கல்லுக்கு, அது எந்தக் காலத்து மண்ணடுக்கில் கிடந்தது என்ற சாட்சி இல்லை. ஆகவே காலத்தை அதனிடமிருந்து மட்டும் கேட்டுப் பெற முடியாது. அகழாய்வில் உரிய அடுக்கிலேயே கிடைக்கும் ஒற்றைக் கல்லை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

வறண்ட நிலத்தில் அந்தக் கலப்பைகளின் மரம் மக்கிவிட்டது. இரும்பு துருவேறிப் போனது, அல்லது கொல்லர் உலையில் பழுத்து, அடிபட்டு வேறொன்றாயிற்று. கழன்று விழுந்த கல் மட்டும் சாலிலேயே கிடக்கிறது. சலித்த மண்ணில் தங்கும் கூழாங்கற்களை ஒதுக்கிக் கொட்டுமுன், ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும்.