கொழுந்து கறுப்பதும் நெஞ்சில் அழற்சி மூள்வதும்: இரண்டுக்கும் என்ன உறவு?

[திரையில்: உள்ளங்கையில் கசக்கிய தேயிலைக் கொழுந்து]

இப்போதுதான் கசக்கினேன். இந்தப் பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறமாவதைப் பாருங்கள், காற்றின் ஒட்சிசன் சேர்ந்து இப்படி மாற்றுவதுதான் ஒட்சியேற்றம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுடும் நம் அம்மாமாரின் நுரையீரலிலும் ஒட்சியேற்றம் நடக்கிறது. அங்கே மூள்வது அழற்சி, கிருமிக்கும் காயத்துக்கும் எதிராக உடம்பே மூட்டும் வீக்கமும் எரிச்சலும்!

பாடப்புத்தகப் பகுதியை ஒரே மூச்சில் முடிக்கிறேன்: ஒட்சிசனிலிருந்து பிறந்து கண்டதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகள், உடம்பு சமாளிக்கும் அளவை மீறினால் அது ஒட்சியேற்ற அழுத்தம். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் எப்போதும் கொஞ்சம் பிறக்கும், கிருமியைக் கொல்ல நோயெதிர்ப்புக் கலங்களே வேண்டுமென்று உண்டாக்கும், விறகுப் புகையும் கூட்டும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. செடியில் நிற்கும் கொழுந்து ஏன் கறுப்பதில்லை? காற்று அங்கேயும் இருக்கிறதே! காரணம், கட்டெக்கின் என்ற பொருள் இலைக் கலத்தின் ஓர் அறையில், அதை மாற்றும் நொதியம் வேறோர் அறையில். தேயிலை பெக்டரியில் ரோலர் நசுக்கியதும் சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன, நம் தேத்தண்ணியின் நிறமும் ருசியும் அந்தச் சந்திப்பில்தான் பிறக்கின்றன.

நுரையீரலைக் காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் கலமோ இதைத் தலைகீழாகச் செய்கிறது, அங்கே சேர்ந்திருப்பவை பிரிந்தால்தான் ஆபத்து. என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தை (1986இல் கண்டறிந்தார்கள்) இன்னொரு புரதம், மரபணுக்கள் இருக்கும் கலத்தின் கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கிறது. அபாயச் செய்தி வந்ததும் பிடித்திருந்தது அழிக்கப்படும், இது கருவுக்குள் ஓடி அழற்சி மரபணுக்களை எழுப்பும். ஒட்சியேற்ற அழுத்தம் இதைத் தூண்டிவிடக்கூடியது. அப்புறம் இன்னொரு ஜோடி: தயோரெடொக்சின் என்ற புரதமும் அதன் கூட்டாளிப் புரதமும். ஒட்சியேற்றம் இவர்களைப் பிரித்ததும் கூட்டாளி போய் என்எல்ஆர்பி3 என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அதைச் சுற்றிக் கூடும் புரதக்கூட்டம் அழற்சிச் செய்தியைப் பரப்பும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்தை வெட்டித் தயார் செய்ய, காய்ச்சல் வரைக்கும் போகும்! இரண்டு ஜோடி பிரிந்ததில் இவ்வளவும் நடக்கிறது, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

பெக்டரியில் பதம் பார்த்து ட்ரையரில் போட்டால் நொதியம் செத்து எல்லாம் நிற்கும். கலத்துக்கும் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் உண்டு, ஒட்சியேற்றம் கூடினால் அது ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்கச் சொல்லும். ஆனால் காலையும் மாலையும் புகை வந்துகொண்டே இருந்தால் அதுவும் எவ்வளவுதான் ஈடுகொடுக்கும்? அழற்சி அடங்காமல் வருடக்கணக்கில் நீடித்து மூச்சுக்குழாயையே சுருக்கிவிடும். தேத்தண்ணி குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், புகை வெளியே போக வழி வேண்டும்.

உங்கள் லயத்து அடுப்புக்குப் புகைக்கூண்டு இருக்கிறதா? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.