பாலிடெக்னிக் யாரோடது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கொடுங்கையூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு இந்தக் கேள்வி. அப்படியே படிக்கிறேன்: "ஐயா, பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா. அரசு பாலிடெக்னிக்ல சேர்க்கலாம்னு இருக்கோம். அது அண்ணா யுனிவர்சிட்டியோடதா? எப்போ ஆரம்பிச்சது இதெல்லாம்? மார்க் வராத பிள்ளைங்க போற இடம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க."

முதல் பதில் சுருக்கமா. அண்ணா யுனிவர்சிட்டியோடது இல்லம்மா. அந்த யுனிவர்சிட்டியும், பாலிடெக்னிக்கைப் பார்த்துக்கிற ஆபீசும் கிண்டிப் பக்கத்துல இருக்கிறதால ஜனங்களுக்குக் குழம்பிப் போகுது. பாலிடெக்னிக்ல படிக்கிற டிப்ளமோவைப் பார்த்துக்கிறது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், 1957ல வந்த துறை. தன்னாட்சிக் கல்லூரிகள் சிலதை விட்டா, பாடத்திட்டம், பரீட்சை, சர்டிபிகேட் எல்லாம் மாநில அளவுல ஒண்ணுதான். நாகர்கோவில் பையனுக்கும் நம்ம தண்டையார்பேட்டைப் பொண்ணுக்கும் ஒரே கேள்வித்தாள். மூணு வருஷம், ஆறு செமஸ்டர். பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடிச்சவங்க நேரா ரெண்டாம் வருஷத்துல சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ.யிலயும் நேரா ரெண்டாம் வருஷம்.

இப்போ எப்போ ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். தரமணியில சி.பி.டி.ன்னு சொல்றோமே, சென்ட்ரல் பாலிடெக்னிக், அது 1916ல மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூலா பிறந்தது. பேர்லயே பாருங்க, 'டிரேட்'. தொழில். அன்னிக்கு அதைக் கவனிச்சது கல்வித் துறை இல்ல, தொழில் துறை. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. வேலைக்கு ஆள் வேணும்னு பட்டறைப் பக்கத்துல இருந்து பிறந்த படிப்பு. 1946லதான் சென்ட்ரல் பாலிடெக்னிக்னு பேர் மாறுச்சு. அதுக்கும் முன்னாடி லண்டன்ல, ரீஜன்ட் தெருவுல ஒரு பாலிடெக்னிக் இருந்தது. 1880கள்ல குவின்டின் ஹாக்னு ஒருத்தர் அதை எடுத்து, பகல்ல வேலை செய்யுற பையன்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தினார். இங்கயும் வேலையில இருக்கிறவங்களுக்குப் பகுதி நேர டிப்ளமோன்னு ஒண்ணு இருக்கு, நாலு வருஷம். நூலு அறுந்து போகல பாருங்க.

அதனாலதான் இந்தப் படிப்பு வட சென்னைக்குச் சொந்தம்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றேன். பெரம்பூர்ல ரயில் பட்டறை 1856ல வந்தது. ரயில் பெட்டி செய்யுற ஐ.சி.எப். 1955. எண்ணூர்ல லாரி, திருவொத்தியூர்ல புல்லட் பைக். அப்பல்லாம் பின்னி மில் சங்கு ஊதித்தான் எங்க தெருவே எழுந்திருக்கும். புரசைவாக்கத்துல அரசு பாலிடெக்னிக் இருக்குதுன்னா, இத்தனை கையும் இரும்பும் சுத்தி இருக்கிற ஊருன்றதால அது பொருத்தமான இடம்.

வழக்கமா பார்க்கிறவங்களுக்கு என் வெளிச்சக் கதை தெரியும். இந்த அம்மாவுக்காக இன்னொரு தடவை சொல்லிடறேன். எங்கப்பாவுக்கு லோகோவுல, அதான் ரயில் இன்ஜின் பட்டறையில வேலை. நான் டிப்ளமோ சேர்ந்து முதல் வருஷம், ஒர்க் ஷாப்புல ஃபிட்டிங். கையில ஒரு இரும்புத் துண்டு, ஒரு அரம். வைஸ்ல மாட்டி ராவு. நாலு பக்கமும் சதுரமா வரணும். மூணு நாள் ராவினேன். உள்ளங்கையில கொப்புளம். பெருமையா கொண்டு போய்க் கொடுத்தேன். இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணும் பேசல. மூலைமட்டத்தை அதுமேல வெச்சு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சார். "வெளிச்சம் தெரியுதா?" தெரிஞ்சுது சார், மயிரிழை அளவு. "அந்த வெளிச்சம் போற வரைக்கும் ராவு."

வீட்டுக்கு வந்து சொன்னா, எங்கப்பா சிரிச்சார். "எங்க பட்டறையிலயும் அதே ஜன்னல்தாண்டா"ன்னார்.

அந்த ஒர்க் ஷாப்தான் பாலிடெக்னிக்கோட மூலஸ்தானம். பிரின்சிபால் இருப்பார், துறைக்கு ஒரு தலைவர், லெக்சரர்கள், கணக்கு இயற்பியல் வேதியியல் ஆசிரியர்கள், எல்லாரும் வேணும். ஆனா ஃபிட்டிங், கார்பென்ட்ரி, வெல்டிங் சொல்லித் தர்ற அந்த இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல நிக்கலன்னா பிள்ளை கையில எதுவும் ஏறாது. எந்தக் கல்லூரியிலயும் அந்த இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு நான் கெஞ்சிக் கேட்பேன்.

அதனால அம்மா, யாரோடதுன்னு கேட்டதோட நிறுத்தாதீங்க. அங்க என் பொண்ணு கை என்ன கத்துக்கும்னு கேளுங்க. சேர்க்கறதுக்கு முன்னாடி அவளைக் கூட்டிட்டுப் போங்க. ஒர்க் ஷாப்பைப் பார்க்கணும்னு சொல்லுங்க. லேத்து ஓடுதா, எத்தனை பேருக்கு ஒரு மெஷின், பொண்ணுங்க ஓவர்கோட் போட்டுட்டு நிக்கறாங்களான்னு பாருங்க. சொந்தக்காரங்க யாராவது கூட வந்தாலும் நல்லதுதான்.

ஒண்ணு மறந்துட்டேன். உங்க பொண்ணு ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் டிப்ளமோவுக்கும் உண்டு. 2022 செப்டம்பர் 5ல அதை ஆரம்பிச்சு வெச்சதே நம்ம பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலதான். பேங்க் கணக்கு அவ பேர்ல, ஆதாரோட இணைச்சு இருக்கணும். அதை இந்த வாரமே பார்த்துடுங்க.