நீலச் சட்டைக்காரர்களும் ஒரு பின்குறிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் விமானம் ஏறியவர்கள் அந்த நீலச் சட்டைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். காலை நான்கு மணிக்கே சோதனை வாயிலில் நிற்பார்கள். ஒருவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார். ஒருவர் சாம்பல் நிறத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, பையில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வரச் சொல்வார். இன்னொருவர் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. திரையில் நகரும் நிழல்களைத்தான் பார்க்கிறார். துணியும் உணவும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலமாகத் தெரியும். ஒரு பைக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். கண் சலித்துவிடும் என்பதற்காகச் சற்று நேரத்துக்கு ஒருமுறை அந்த நாற்காலியில் ஆளை மாற்றுவார்கள். நம் பொறுமையின்மை முழுவதையும் முதலில் வாங்கிக்கொள்கிறவர்களும் இவர்கள்தான்.

இவர்கள் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஊழியர்கள். சுருக்கமாக டி.எஸ்.ஏ. என்பார்கள். சோதனைப் பணியில் மட்டும் ஏறத்தாழ 47,000 பேர் இருக்கிறார்கள். இவர்களுடைய ஊதியத்தையும் உரிமையையும் பற்றிய சட்டம்தான் இன்றைய பேச்சு. தொழிலாளர் சட்டங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஒரே ஒரு வாக்கியம் இத்தனை ஆயிரம் பேரின் வாழ்க்கையை இத்தனை ஆண்டுகளாகக் கட்டிப்போட்டிருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

2001 செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதல் நடந்த காலம் வரை அமெரிக்க விமான நிலையங்களில் சோதனை வேலை தனியார் கையில் இருந்தது. விமான நிறுவனங்கள் குத்தகை கொடுக்கும், குறைந்த தொகை கேட்கும் காவல் நிறுவனம் ஆள் அனுப்பும். கூலி மணிக்கு 6 டாலர் அளவில் இருந்தது. அதே விமான நிலையத்தில் இருந்த துரித உணவுக் கடைகள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2000-ஆம் ஆண்டில் எச்சரித்தது: 19 பெரிய விமான நிலையங்களில் ஓராண்டில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் சராசரி 126 சதவீதம். நூறு இடங்கள் இருந்தால், அந்த நூறு இடங்களிலிருந்து ஓராண்டில் 126 பேர் விலகிப் போயிருக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் அது 416 சதவீதம். வேலை பழகுவதற்குள் ஆள் போய்விடுகிறார். அடுத்தவர் வருகிறார், அவரும் போய்விடுகிறார்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அன்று நான்கு அங்குலத்துக்குக் குறைவான கத்தியை விமானத்துக்குள் கொண்டுபோக விதியே அனுமதித்தது. ஆகவே அன்றைய அழிவுக்கு அந்தக் கூலியாட்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. ஆனாலும் நாடு விழித்துக்கொண்டது. 2001 நவம்பர் 19 அன்று விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். சோதனை வேலை அரசு வேலையானது.

அரசு வேலை என்றால் அரசு ஊழியருக்குரிய எல்லாமும் வரும் என்றுதானே நினைப்போம்? அந்தச் சட்டத்தின் 111-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. அதன் சாரம் இது: வேறெந்தச் சட்டம் என்ன சொன்னாலும், சோதனைப் பணியாளர்களை நியமிப்பது, தண்டிப்பது, நீக்குவது, அவர்களுடைய ஊதியத்தையும் பணி நிபந்தனைகளையும் நிர்ணயிப்பது ஆகியவை நிர்வாகத் தலைவரின் அதிகாரம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் இந்த உட்பிரிவுக்குத் தனி எண்கூடக் கிடையாது. வேறொரு பிரிவின் அடியில் பின்குறிப்பாக அச்சாகியிருக்கிறது.

"வேறெந்தச் சட்டம் என்ன சொன்னாலும்." இந்தத் தொடரைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அது இவர்களுக்கு இல்லை. 15 நிலைகளும் ஒவ்வொரு நிலைக்கும் 10 படிகளும் கொண்ட பொது ஊதிய அட்டவணை இருக்கிறது. அதுவும் இல்லை. 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டம், உடற்குறையைக் காரணமாக வைத்து அரசு ஊழியரை ஒதுக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் துணையைத் தேடி வழக்குத் தொடுத்த சோதனைப் பணியாளர்களுக்கு, இந்தப் பின்குறிப்பு குறுக்கே நிற்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கையை விரித்தன. ஏதோ அவசர காலத்தில், ஆட்களை விரைவாகச் சேர்ப்பதற்காக எழுதப்பட்ட ஒரு தொடர் இவ்வளவு தூரம் நீண்டது.

2003 ஜனவரியில் அன்றைய நிர்வாகத் தலைவர் ஜேம்ஸ் லாய் ஓர் ஆணை பிறப்பித்தார்: சோதனைப் பணியாளருக்குக் கூட்டுப் பேர உரிமை கிடையாது. நாட்டின் பாதுகாப்பு வேலை, அதில் பேரத்துக்கு இடமில்லை என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தை விமான நிலையத்துக்குள்ளேயே சோதித்துப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து இறங்கி வரும்போது உங்கள் கடவுச்சீட்டைச் சரிபார்க்கிறாரே, சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்பு அதிகாரி, அவரும் அதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைதான். அவருக்குச் சங்கமும் உண்டு, ஒப்பந்தமும் உண்டு. இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர் அவர். மேல்மாடியில் கையுறை மட்டும் போட்டுக்கொண்டு பையைத் திறப்பவருக்குச் சங்கம் வந்தால் நாடு ஆபத்தில் விழுமாம்.

இன்னும் விசித்திரம் ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோ, கான்சஸ் சிட்டி போன்ற சில இடங்களில் டி.எஸ்.ஏ. மேற்பார்வையில் தனியார் நிறுவனப் பணியாளர்களே சோதனை செய்கிறார்கள். அதே எக்ஸ்ரே கருவி, அதே விதிகள். 2006-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், கான்சஸ் சிட்டி வழக்கில், அந்தத் தனியார் பணியாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் ஆபத்து வேலையில் இல்லை, அரசின் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பதில்தான் ஆபத்து என்று ஆகிறது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கூட்டுப் பேர உரிமை வந்தால் வேலைநிறுத்தம் செய்துவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியர் யாருக்கும் வேலைநிறுத்த உரிமை கிடையாது. 1981-இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000-க்கும் மேற்பட்டவர்களை அதிபர் ரீகன் வேலையை விட்டே நீக்கினார். இவர்கள் கேட்பது, ஒரு மேசைக்கு எதிர்ப்புறத்தில் உட்கார்ந்து பேசும் உரிமை. 2001-இல் உலக வர்த்தக மையத்தில் மக்களைக் காக்கப் போய் மாண்ட நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. படியேறும்போது யாரும் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

2007-இல் நாடாளுமன்றம் இந்த உரிமையை ஒரு மசோதாவில் சேர்க்க முயன்றது. தடுத்துவிடுவேன் என்று புஷ் எச்சரித்ததும் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. பிறகு 2011 பிப்ரவரியில், ஜான் பிஸ்டோல் நிர்வாகத் தலைவராக இருந்தபோது, வரையறுக்கப்பட்ட கூட்டுப் பேர உரிமை தரப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் நடந்த தேர்தலில் அமெரிக்க அரசு ஊழியர் கூட்டமைப்பு வென்று, பிரதிநிதித்துவச் சங்கமாயிற்று. பேசக் கிடைத்தவை என்ன தெரியுமா? பணிநேரத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை, விடுமுறை ஒதுக்கீடு, சீருடைப் படி, இடமாற்றம் போன்றவை. ஊதியத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

இவை சின்ன விஷயங்கள் என்று தோன்றலாம். பகுதிநேரப் பணியாளர் ஒருவரின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை விமானங்களுக்கு நாலு மணி நேரம். பிறகு, கூட்டம் இல்லை, போய்விட்டு வாருங்கள். மாலை விமானங்களுக்கு மறுபடியும் நாலு மணி நேரம். நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு ஊர் பக்கத்தில் இல்லை. சீருடையோடு காரில் சாய்ந்து தூங்குகிறார். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேறு யாரையோ கெஞ்ச வேண்டியிருக்கிறது. இவருக்குப் பணிநேரப் பட்டியல் என்பது வாழ்க்கைப் பட்டியல்தான்.

ஊதியத்துக்கு வருகிறேன். பிற கூட்டாட்சி ஊழியர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் 30 சதவீதம் வரை குறைவாக வாங்கினார்கள். பொது அட்டவணையில் இருப்பவருக்கு ஆண்டுகள் ஏறும்போது படியும் தானாக ஏறும். இவர்களுக்கு அகலமான ஊதியப் பட்டைகள் மட்டும் இருந்தன. பட்டைக்குள் மேலே போவது மேலிடத்தின் மனம். பல ஆண்டுகள் உழைத்தவரும் நேற்று வந்தவரும் ஏறத்தாழ ஒரே சம்பளம் வாங்கிய நிலை இருந்தது.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் புறப்படும் ஒவ்வொரு விமானப் பயணிக்கும், ஒரு வழிப் பயணத்துக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம் டிக்கெட்டோடு சேர்ந்து வசூலாகிறது. செப்டம்பர் 11 கட்டணம் என்றே அதற்குப் பெயர். 2013-இல் செய்துகொண்ட வரவு செலவு உடன்பாட்டின்படி, அதில் ஒரு பகுதி அரசின் பற்றாக்குறையைக் குறைக்கத் திருப்பிவிடப்படுகிறது. பாதுகாப்புக்கு என்று பயணி கொடுத்த பணம் வேறு கஜானாவுக்குப் போகிறது.

2022 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இந்த அநீதியை ஓரளவு சரிசெய்தது. 2023 ஜூலை முதல் ஊதியம் பொது அட்டவணைக்கு இணையாக உயர்ந்தது. சிலருக்கு 30 சதவீதம் அளவுக்கு ஏற்றம். விலகிப் போகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். 416 சதவீதத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள், ஊதியம் ஏறியதும் ஆள் நின்றது. 2024 மே மாதத்தில் சங்கத்தோடு ஏழாண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

ஆனால் இவை எல்லாம் எதன்மேல் நிற்கின்றன? ஊதிய உயர்வு ஆண்டுதோறும் வரும் நிதி ஒதுக்கீட்டின்மேல். கூட்டுப் பேர உரிமை ஓர் அதிகாரியின் கையெழுத்தின்மேல். மணலில் கட்டிய வீடு. 2025 பிப்ரவரி இறுதியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் கிறிஸ்டி நோம் ஒரு குறிப்பாணையில் கையெழுத்திட்டார். மார்ச் 7 அன்று அது அறிவிக்கப்பட்டது. கூட்டுப் பேரம் முடிந்தது, ஏழாண்டு ஒப்பந்தமும் முடிந்தது. சங்க வேலைகளால் சோதனைப் பணி கெடுகிறது என்று அரசு காரணம் சொன்னது. சங்கம் வழக்குப் போட்டது. ஜூன் மாதத்தில் சியாட்டில் நீதிபதி மார்ஷா பெக்மன் இடைக்காலத் தடை விதித்தார். டிசம்பரில் நிர்வாகம் மறுபடியும் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. சங்கம் மறுபடியும் நீதிமன்றப் படியேறியது.

நடுவில் சம்பளமே நின்ற நாட்களும் உண்டு. நாடாளுமன்றத்தில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாததால், 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அரசு முடங்கியது. சோதனைப் பணியாளர்கள் அத்தியாவசிய ஊழியர்கள், எனவே வர வேண்டும். சம்பளம் மட்டும் வராது. பெட்ரோலுக்குப் பணமில்லாமல் விடுப்பு எடுத்தார்கள். ஜனவரி 20 அன்று பத்தில் ஒருவர் வரவில்லை. மயாமி விமான நிலையத்தில் ஒரு பயணிகள் பகுதியைச் சில நாட்களில் வழக்கமான நேரத்துக்கு முன்பே மூடினார்கள். பல விமான நிலையங்களில் இவர்களுக்காக உணவுப் பொருள் அலமாரிகள் திறக்கப்பட்டன. நாட்டின் பாதுகாப்பைக் காக்கிறவர், பணி முடிந்ததும் அதே கட்டடத்தில் வரிசையில் நின்று குழந்தைக்கு டயப்பர் வாங்கிப் போனார். இரக்கப்பட்டு ஒரு பயணி பத்து டாலரை நீட்டினாலும் அவர் வாங்க முடியாது, சோதனை வாயிலில் பயணியிடம் எதையும் பெறக் கூடாது என்பது விதி. நிலுவைச் சம்பளம் உறுதி என்று 2019 ஜனவரியில் சட்டம் வந்தது உண்மைதான். வாடகை கேட்கும் வீட்டுக்காரர் அதுவரை காத்திருப்பாரா?

2025 அக்டோபர் 1 முதல் மறுபடியும் முடக்கம், இந்த முறை 43 நாட்கள். முடிந்தபின், சிறப்பாகப் பணியாற்றியதாகத் தேர்ந்தெடுத்த சிலருக்குத் தலா 10,000 டாலர் ஊக்கத்தொகைக் காசோலைகள் வழங்கப்பட்டன. வாங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை, தகுதியானவர்கள்தான். யாருக்குக் கிடைக்கும் என்பதை மேலிடம் முடிவு செய்தது. அதைக் கேள்வி கேட்க ஊழியருக்கு ஒரு மேசை இல்லை.

இதற்கெல்லாம் ஒரே மருந்து அந்தப் பின்குறிப்பை நீக்குவது. மிசிசிப்பி மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பென்னி தாம்சன் கொண்டுவந்த மசோதா அதைத்தான் செய்கிறது. டி.எஸ்.ஏ. ஊழியர்களைப் பிற கூட்டாட்சி ஊழியர்களுக்குரிய பொதுச் சட்டத்தின்கீழ் கொண்டுவருகிறது. ஊதிய அட்டவணை, மேல்முறையீடு, கூட்டுப் பேரம் எல்லாம் சட்டமாகவே வரும். வேலைநிறுத்தத் தடை அப்படியே இருக்கும். பிரதிநிதிகள் சபை 2020 மார்ச்சில் 230-க்கு 171 என்ற வாக்குகளில் இதன் முந்தைய வடிவத்தை நிறைவேற்றியது. 2022 மே மாதத்தில் 220-க்கு 201 என்று மறுபடி நிறைவேற்றியது. இரண்டு முறையும் செனட் சபையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2025-இல் மசோதா மீண்டும் அறிமுகமாகியிருக்கிறது.

அடுத்த முறை அந்த வரிசையில் நிற்கும்போது, திரைக்கு முன்னால் இருப்பவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவதைக் கவனித்துப் பாருங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே தட்டுகளை அடுக்கப் போவார்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.