கம்பி இல்லாத சிறை

நேயர்களுக்கு வணக்கம். எஸ்டேட் என்றதும் நம்மில் பலருக்குத் தேயிலையும் கங்காணியும்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது கோதுமையும் செம்மறியாடும் வளர்த்த எஸ்டேட்டுகளைப் பற்றி. அங்கே ஆள் பிடிக்கக் கங்காணி தேவைப்படவில்லை. அரசாங்கமே ஆட்களுக்கு விலங்கு மாட்டிக் கப்பலேற்றி அனுப்பி வைத்தது.

இடம், ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவு. அன்றைய பெயர் வான் டீமன்ஸ் லேண்ட். லாங்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில், மக்குவாரி ஆற்றின் ஒரு கரையில் உல்மர்ஸ், மறுகரையில் பிரிக்கெண்டன். ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயக் குடும்பத்து அண்ணன் தம்பிகளின் பண்ணைகள். தாமஸ் 1817-இல் தொடங்கினார், வில்லியம் 1824-இல். யாருமில்லாத மண் என்பது போல அரசு எழுதிக் கொடுத்த அந்த நிலம், தீவின் பூர்வகுடிகளான பாலவா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம்.

வேலைக்கு ஆள்? இங்கிலாந்தில் சில்லறைத் திருட்டுக்குக்கூட 7 வருடம், 14 வருடம், ஆயுள் என்று நாடு கடத்துவார்கள். அப்படி வந்தவர்களை அரசு பண்ணைக்காரர்களிடம் ஒப்படைத்துவிடும். சோறு, துணி, படுக்க இடம் கொடுத்தால் போதும். கூலி கிடையாது. இரண்டு பண்ணைகளிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள். கொல்லர், கொத்தனார், தோல் பதனிடுபவர், உழவர் என்று எல்லாத் தொழிலும் அவர்களுக்குள் இருந்தது. பெண் கைதிகளுக்கு வீட்டு வேலை. களஞ்சியங்களும், ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகையும் இன்றும் நிற்கின்றன.

சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் இவர்களை எப்படி அடக்கி வைத்தார்கள்? எனக்கு இந்த வரலாற்றில் உறைப்பது இதுதான். துரை தன் ஆளைத் தானே அடிக்கக் கூடாது. மாஜிஸ்திரேட்டிடம்தான் அனுப்ப வேண்டும் என்றது சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, அந்த மாஜிஸ்திரேட் யார்? பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைத் துரை. தாமஸ் ஆர்ச்சரே ஒரு மாஜிஸ்திரேட்தான்! குடித்தான், எதிர்த்துப் பேசினான், சொல்லாமல் போய்விட்டான் என்று புகார் போனால் கசையடி, இல்லாவிட்டால் விலங்கோடு சாலை வேலை.

இந்தத் தீவுக்குக் கைதிகளை அனுப்புவது 1853-இல் நின்றது. உல்மர்ஸில் அப்புறமும் தாமஸ்கள்தான். ஆறு தலைமுறைக்கும் ஒரே பெயர்! கடைசித் தாமஸ் 1994-இல் வாரிசில்லாமல் இறந்தார். வீட்டுச் சாமான்கள் போட்டது போட்டபடி இருந்ததால் அது இன்று காட்சியகமாகிவிட்டது. பிரிக்கெண்டனில் அந்தக் குடும்பம் இன்னமும் விவசாயம் பார்க்கிறது. 2010-இல் இரண்டும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

கைதிகள் விட்டுப்போனது? காகிதம்தான். உயரம், கண்ணின் நிறம், உடம்பில் பச்சை குத்தியிருப்பது வரை அரசு எழுதி வைத்திருக்கிறது. கைதி வம்சம் என்பதை ஒரு காலத்தில் மறைத்த குடும்பங்கள் இன்று அந்த ஏடுகளைத் தேடிப் படிக்கின்றன. அதில் ஒரு வேடிக்கை. தண்டனை கொடுத்த போதெல்லாம் தேதியும் குற்றமும் துரையின் பெயரும் பதிவாகும். வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு ஏட்டில் நாலு வரி தேறுவதே கஷ்டம். வம்பு பண்ணியவருக்குத்தான் பக்கம் நிறைய வரலாறு.

நன்றி, வணக்கம்.