ஓல்னி ஊர்க் கவிஞர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரின் ஊஸ் ஆற்றங்கரையில் ஓல்னி என்றொரு சிறிய சந்தை ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லேஸ் பின்னி வயிறு வளர்த்த ஏழை ஊர் அது. உலகமெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ பாடல் பிறந்தது அங்கேதான். எழுதியவர் அவ்வூர்ப் பாதிரியார் ஜான் நியூட்டன். முன்பு அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர்.

நான் பேச வந்தது அவருடைய நண்பர் வில்லியம் கூப்பரைப் பற்றி. இருவரும் சேர்ந்து எழுதிய பாசுரங்கள் 1779இல் நூலாக வந்தன. ஆனால் அதற்கு முன்பே, 1773இல், கூப்பரை மனநோய் கடுமையாகத் தாக்கியிருந்தது. கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் கடைசிவரை அவரை விட்டு அகலவில்லை.

அந்த இருட்டில் அவருக்குத் துணையாக வந்தவை மூன்று முயல்கள். அவற்றுக்குத் தம் கையாலேயே மரக்கூடுகள் செய்தார். ‘புஸ்’ நோயுற்றபோது பக்கத்திலிருந்து பராமரித்தார். குணமான முயல் அவருடைய புறங்கையை நக்கியது. பிறகு உள்ளங்கையை, ஒவ்வொரு விரலை, விரல் இடுக்குகளை. ஓரிடம்கூட விட்டுப்போகக் கூடாது என்பதுபோல நக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். இப்படிப் பார்க்கத் தெரிந்த கண்தான் அவரைப் பெருங்கவிஞராக்கியது என்பேன்.

சோபாவைப் பற்றி ஒரு கவிதை எழுதுங்கள் என்று ஆஸ்டின் சீமாட்டி கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் 1785இல் வெளியான ‘தி டாஸ்க்’, ஆறு பாகங்கள். எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் பாகம். குளிர்கால மாலை. வெள்ளத்தின் மேல் நீண்டு கிடக்கும் பாலத்தைத் தாண்டி, சேறு தெறித்த பூட்ஸும் உறைந்த தலைமுடியுமாகத் தபால்காரன் கொம்பு ஊதியபடி வருகிறான். செய்தித்தாளைப் பிரிக்கும் முன்பே கவிஞர் கேட்கிறார்: இந்தியா விடுதலையாக இருக்கிறதா, இல்லை, இன்னும் அவளை நசுக்கிக்கொண்டுதான் இருக்கிறோமா? கிழக்கிந்தியக் கம்பெனி கோலோச்சிய காலத்தில், சந்தைத் திடலோர வீட்டில் முடங்கிக் கிடந்த ஒரு நோயாளி தம் நாட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

1788இல் நண்பர்கள் இருவரும் அடிமை வாணிபத்தை எதிர்த்து எழுதினார்கள்: நியூட்டன் துண்டுநூலாக, கூப்பர் கவிதையாக. கூப்பரின் ஓல்னி வீடு 1900 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அந்த நான்காம் பாகத்தையாவது தேடிப் படியுங்கள். வணக்கம்.