மனம் கசந்த மூத்த வீரரை விட்டுவிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியைப் பார்ப்பவர்கள் ஓயாமல் சண்டை போடும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தோற்றுத் தோற்று அலுத்துப்போன ஓர் அணி, இனி இளைஞர்களை வைத்து அடியிலிருந்து கட்டுவோம் என்று முடிவெடுக்கிறது. அங்கே ஒரு மூத்த வீரர் இருக்கிறார். அவருக்கு மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று சீசன்தான். பையன்கள் தேறி வரும்வரை அவரால் காத்திருக்க முடியாது. என்னை வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறார். அனுப்பலாமா?

அனுப்பலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் எந்த நாளில், என்ன விலைக்கு என்பதைக் கோபத்திடம் விட்டுவிடக் கூடாது.

1995 டிசம்பர் 2-ஆம் தேதி மாண்ட்ரியல் கனேடியன்ஸ் தன் சொந்த அரங்கில் டெட்ராய்ட்டிடம் 11-1 என்று தோற்றது. கோல்கீப்பர் பாட்ரிக் ருவா ஒன்பது கோல் வாங்கும்வரை பயிற்சியாளர் அவரை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் வெளியே வந்த ருவா, பயிற்சியாளரைத் தாண்டிப் போய், பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அணி நிர்வாகத்தின் தலைவரிடம், மாண்ட்ரியலுக்கு இதுதான் என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நாலே நாளில் டிரேடு, அதாவது அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம், முடிந்தது. ருவாவோடு கேப்டன் மைக் கீனும் கொலராடோவுக்குப் போனார். பதிலுக்கு மாண்ட்ரியலுக்கு மூன்று வீரர்கள் வந்தார்கள். அடுத்த ஜூனில் கொலராடோ, லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. மாண்ட்ரியல் மறுகட்டமைப்பில் இருந்த அணி அல்ல, உண்மைதான். ஆனால் அவரை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று ஊருக்கே தெரிந்த பிறகு விற்பவர் எங்கே பேரம் பேசுவது?

அதே கொலராடோ 2016-17 சீசனில் 82 ஆட்டங்களில் 48 புள்ளிகள் மட்டும் எடுத்துத் தரை தட்டியது. அதன் முன்கள வீரர் மாட் டுஷேன் வெளியேற விரும்பினார். பொது மேலாளர் ஜோ சாக்கிக் கேட்ட விலை அதிகம் என்று பலர் முணுமுணுத்தார்கள். கோடை முழுக்க மனுஷன் அசையவே இல்லை. கடைசியில் 2017 நவம்பர் 5-ஆம் தேதி, புரூக்ளினில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டுஷேனை ஐஸிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்கள். மூன்று அணிகள் சேர்ந்த டிரேடு அது. கொலராடோவுக்குக் கிடைத்தவற்றில் இளம் தடுப்பாட்டக்காரர் சாமுவேல் ஜிரார்டும், அணிகள் இளம் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் உண்டு. கீழே முடிக்கும் அணிக்குத்தான் பொதுவாக முன்வரிசைத் தேர்வு; ஒட்டாவா அப்புறம் கடைசி இடத்துக்குச் சரிந்ததால், அந்தத் தேர்வு 2019-இல் நான்காவது இடத்தில் வந்தது. அதில் எடுத்தவர்தான் போவன் பைரம். 2022-இல் கோப்பை வென்ற அணியில் இருவருமே இருந்தார்கள். இதில் அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. காத்திருந்ததால்தான் அந்த அதிர்ஷ்டத்துக்கு இடம் கிடைத்தது.

ஆனால் டுஷேனுக்கு அப்போது வயது 26. முப்பத்தைந்து வயதுக்காரர் விஷயத்தில் ஒவ்வொரு மாதமும் விலை இறங்கும். போதாக்குறைக்கு, பழைய நட்சத்திரங்களின் ஒப்பந்தத்தில், தன் சம்மதம் இல்லாமல் எங்கேயும் அனுப்பக் கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். கால்கரியின் ஜரோம் இகின்லா முறைத்துக்கொண்டு போனவர் அல்ல. அணிதான் பல வருடம் மறுகட்டமைப்பைத் தள்ளிப்போட்டது. ஒப்பந்தத்தின் கடைசி சீசனில், 2013 மார்ச்சில்தான் அவரை விட்டது. பாஸ்டனும் கேட்டது, அவர் பிட்ஸ்பர்க்கைத் தேர்ந்தெடுத்தார். கால்கரிக்கு வந்தது இரண்டு கல்லூரி வீரர்களும் ஒரு முதல் சுற்றுத் தேர்வும். அதில் ஒருவரும் அங்கே நிலைத்து ஆடவில்லை.

மூத்தவரின் பெரிய சம்பளம் வாங்கும் அணிக்கு ஒரு தடை என்பார்கள். அதற்கு வழி இருக்கிறது: சம்பளத்தில் பாதி வரை பழைய அணியே ஏற்றுக்கொள்ளலாம். 2023-இல் எரிக் கார்ல்சனைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிய சான் ஹோசே, அவர் சம்பளத்தில் வருடத்துக்கு 15 லட்சம் டாலரைத் தானே ஏற்றுக்கொண்டது.

ரசிகர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்ற பயமும் எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது. ரே போர்க் 1979 முதல் பாஸ்டனுக்கு ஆடியவர். 39 வயதில், கோப்பைக்காகத்தான் 2000 மார்ச்சில் கொலராடோ போனார். அடுத்த வருடம் கோப்பை கிடைத்ததும், கேப்டனாக இருந்த சாக்கிக், தான் தூக்காமல் நேராக அவர் கையில் கொடுத்தார். ஆமாம், பின்னாளில் டுஷேனை வைத்துப் பேரம் பேசிய அதே சாக்கிக்! அந்தக் கோப்பையோடு போர்க் பாஸ்டனுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கில் கூடிக் கொண்டாடினார்கள்.

இளைஞர்களுக்கு வழிகாட்ட மூத்தவர் வேண்டாமா என்றால், வேண்டும். தோற்பது பிடிக்காமல் கசந்துபோனவர் டிரஸ்ஸிங் ரூமில் இருப்பது நல்லதே. பந்தயமே வேண்டாம் என்று மனத்தால் எப்போதோ கிளம்பிவிட்டவரைப் பையன்கள் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் ஆபத்து.

டிரேடு காலக்கெடு வரை நல்ல விலை வரவில்லையா? ஒப்பந்தத்தில் இன்னொரு வருடம் பாக்கி இருந்தால், கோடை வரை பொறுக்கலாம். இல்லையென்றால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டியதுதான். ஒப்பந்தம் முடிந்து ஜூலை 1 வந்ததும் அவர் யாரோடு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார், அணிக்கு ஒன்றும் மிஞ்சாது. நன்றி, வணக்கம்.